கண்ணாடி மேல் கவிழ்ந்த பூ: வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கியபோது, அவற்றுள் பல ஒரே கேள்வியை வெவ்வேறு விதமாகக் கேட்பதைக் கண்டேன். மனம் ஒடிந்து கிடக்கும் வேளையில் கதையும் ஓவியமும் இறைநம்பிக்கையும் உண்மையிலேயே கைகொடுக்குமா என்பதே அந்தக் கேள்வி. ஆகவே இம்முறை மற்றக் கடிதங்களை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இவற்றுக்கு மட்டும் விடை எழுதுகிறேன்.

கேள்வி: என் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்த்தவர். மகள் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தவர், கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மாரடைப்பில் போய்விட்டார். ஓர் ஆண்டு ஆகிறது. ஞாயிறு திருப்பலிக்குப் போகிறேன்; ஆனால் செபிக்க வாய் வரவில்லை. ‘எல்லாம் ஆண்டவர் சித்தம், விசுவாசம் உள்ளவள் அழக் கூடாது’ என்கிறார்கள். முன்பு நிறையக் கதை படிப்பேன். இப்போது இரண்டு பக்கம் தாண்டுவதில்லை. கதையும் செபமும் துணிவு தரும் என்று நீங்கள் எழுதுகிறீர்கள். எனக்கு ஏன் தரவில்லை? – ஒரு வாசகி, புதுவயல்

பதில்: சகோதரி, முதலில் அந்த ‘அழக் கூடாது’ என்ற சொல்லைப் பார்த்துவிடுவோம். தம் நண்பர் இலாசரின் கல்லறை அருகே இயேசு கண்ணீர் விட்டு அழுதார் என்று யோவான் நற்செய்தி சொல்கிறது; இன்னும் சிறிது நேரத்தில் அந்த நண்பரை உயிரோடு வெளியே அழைக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் அழுதார். நயீன் ஊரில் ஒரே மகனைப் பறிகொடுத்த கைம்பெண்ணிடம் ‘அழாதீர்’ என்று அவர் சொன்னதும் உண்மைதான். ஆனால் சொன்ன கையோடு பாடையைத் தொட்டு, மகனை எழுப்பி, தாயிடம் ஒப்படைத்தார். அப்படி ஒப்படைக்க வலுவில்லாத நாம், அந்தச் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போவது முறையன்று. உங்கள் கண்ணீரால் உங்கள் விசுவாசம் அணுவளவும் குறைந்துவிடவில்லை.

செபிக்க வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். திருப்பாடல்கள் நூலில் உள்ள 150 பாடல்களில் புலம்பல்கள் ஏராளம். அவற்றுள் பெரும்பாலானவை, எவ்வளவு கதறினாலும், கடைசியில் ஏதேனும் ஒரு நம்பிக்கைச் சொல்லுக்குத் திரும்பிவிடும். 88ஆம் பாடல் அப்படித் திரும்புவதே இல்லை. இரவும் பகலும் கூப்பிட்டும் விடை வராத ஒருவரின் குரல் அது. எபிரேய மூலத்தில் அதன் கடைசிச் சொல்லே ‘இருள்’ என்பதுதான். இந்தப் பாடலை நூலிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை. அதன் அடியில் ஓர் ஆறுதல் வரியை ஒட்டவைக்கவும் இல்லை. இப்படியும் செபிக்கலாம் என்று தலைமுறை தலைமுறையாக அதைக் காத்து வந்திருக்கிறார்கள். உங்களுக்குச் சொற்கள் வராத நாளில் இதை எடுத்து வாசியுங்கள். அந்த மனிதர் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்லி வைத்திருக்கிறார்.

அடுத்தது எலியாவின் கதை. அரசர்கள் முதல் நூலின் 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கர்மேல் மலையில் நாடே வியக்கும் வெற்றி பெற்ற இறைவாக்கினர், அரசி ஈசபேல் கொன்றுவிடுவதாக மிரட்டியதும் உயிருக்கு அஞ்சி ஓடுகிறார். பாலைநிலத்தில் ஒரு நாள் முழுக்க நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் உட்கார்ந்து, ‘போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும்’ என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போகிறார். வானதூதர் வந்து அவரைத் தொட்டு, ‘எழுந்து சாப்பிடு’ என்கிறார். தலைமாட்டில் தணலில் சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் இருக்கின்றன. எலியா சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்கிறார். தூதர் அதற்காகக் கடிந்துகொள்ளவில்லை. இரண்டாம் முறையும் வந்து தொட்டு, ‘எழுந்து சாப்பிடு, நீ போக வேண்டிய வழி நெடியது’ என்கிறார். இவ்வளவுதான். ‘உனக்கா இந்தக் கோழைத்தனம்’ என்ற கேள்வியோ, விசுவாசத்தைப் பற்றிய பிரசங்கமோ அங்கே இல்லை. அப்பமும் தண்ணீரும் உறக்கமும், மறுபடி அப்பமும்தான் முதலில் வந்தன. நாற்பது நாள் நடந்து ஓரேபு மலையை அடைந்த பிறகுதான் கடவுளோடு பேச்சு. நீங்கள் இப்போது செடியின் அடியில் இருக்கிறீர்கள், சகோதரி. அந்த இடத்திலிருந்து மலையுச்சியின் துணிவைத் தேடி, அது இல்லையே என்று உங்களை நீங்களே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம்.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் என் மகன் மதுரையில் ஒரு மருத்துவமனையில் பதினொரு நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தான். வெளி வராந்தாவில் பாய் விரித்துக் காத்திருந்தோரில் கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மாவும் இருந்தார். அவருடைய கணவர் உள்ளே அடுத்த படுக்கையில் இருந்தார். நாள் முழுக்க யாரும் எங்களுக்கு எதையும் விளங்கச் சொல்லவில்லை. கேட்டால் ‘பார்க்கிறோம்’ என்ற ஒரே பதில்தான். இரவு சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்த பிறகு, அந்த அம்மா தம் அப்பத்தா பர்மாவிலிருந்து நடந்து வந்த கதையைச் சொல்லத் தொடங்குவார். 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூனில் குண்டு போட்டபின், கப்பலில் இடம் கிடைக்காத இந்தியர்கள் பெருங்கூட்டமாகக் காடும் மலையும் கடந்து அரக்கான் வழியாகவும் மணிப்பூர் வழியாகவும் நடந்து வந்ததும், வழியில் காலராவிலும் பசியிலும் பலர் மாண்டதும் வரலாறு. கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து தொழில் செய்ய, போன குடும்பங்கள் நிறைந்த நம் பக்கத்தில் அந்த நடை இல்லாத வீட்டுக் கதை குறைவு. அப்பத்தாவுக்கு அப்போது ஒன்பது வயதாம். கையில் ஒரு பித்தளைச் செம்பு. ஆற்றைக் கடக்கும்போது செம்பு கைநழுவிப் போனதைச் சொல்லும் இடத்தில் அந்த அம்மா ஒவ்வோர் இரவும் சிறிது நேரம் பேசாமல் இருப்பார். பிறகு, ‘அப்புறம் நடந்தாக, டீச்சர்’ என்பார். பாலம் இல்லை, நடந்தாக. கூட வந்த பெரியவர் விழுந்துட்டாரு, அழுதாக, அப்புறம் நடந்தாக.

‘தைரியமாக இருங்கள்’ என்று அவர் ஒருமுறைகூட என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பதினொரு நாளில் நான் உறங்கிய சில மணி நேரமும் அந்தக் கதைக்குப் பிறகு கிடைத்த உறக்கந்தான். என் மகன் பிழைத்து வந்தான். அவருடைய கணவர் பிழைக்கவில்லை. எனக்குச் சொன்ன கதையை அவர் தமக்கும் சேர்த்தே சொல்லிக்கொண்டிருந்தார் என்பது வீடு திரும்பிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே, இப்போதைக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிடுங்கள். துக்கத்தில் இருக்கும் கண்ணுக்கு அச்செழுத்து ஓடாது. காதுக்கு ஓரளவு ஓடும். மகளையோ பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ உட்கார்த்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அதைவிட நல்லது, உங்கள் கணவரின் கதையை நீங்களே ஒருவரிடம் முழுக்கச் சொல்வது. லூக்கா நற்செய்தியில் எம்மாவுக்குப் போகும் வழியில் இரண்டு சீடர்கள் முகவாட்டத்தோடு நடக்கிறார்கள். எருசலேமிலிருந்து ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவு. கூட வந்து சேர்ந்த வழிப்போக்கர், ‘என்ன பேசிக்கொண்டு வருகிறீர்கள்?’ என்று கேட்கிறார். நடந்தது அனைத்தும் அவருக்கே நடந்தது. அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. இருந்தும், ‘அவர் மீட்பார் என்று எதிர்பார்த்திருந்தோம்’ என்று அவர்கள் தங்கள் வாயால் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டே நடக்கிறார். அவரை அவர்கள் அடையாளம் கண்டது அன்று மாலை அப்பத்தைப் பிட்டபோதுதான். அப்படிக் குறுக்கிடாமல் கேட்கும் ஒருவர் உங்கள் பங்குக் கோவிலிலோ உறவிலோ நிச்சயம் இருப்பார். அவரிடம் போய்க் கல்யாண நாளிலிருந்து தொடங்குங்கள்.

ஒன்றை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். உணவும் உறக்கமும் வாரக்கணக்கில் பிடிக்காமல் இருந்தாலோ, சாகலாம் என்ற எண்ணம் வந்து வந்து போனாலோ, அதைக் கதையால் மட்டும் சரிசெய்ய முயலாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் மனநல உதவி எண்ணில் எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. எலியாவுக்கு வந்த அப்பம் உங்களுக்கு இந்த வழியாகவும் வரலாம்.

கேள்வி: நான் கும்பகோணத்தில் கவின்கலை படிக்கிறேன். அப்பா ஆத்தங்குடியில் பூப்போட்ட தரைக்கல் வார்க்கும் வேலை செய்கிறார். ‘படம் வரைந்து யாருடைய நோய் தீரும், யாருடைய பசி ஆறும்?’ என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. – ஒரு மாணவர், ஆத்தங்குடி

பதில்: தம்பி, அப்பாவின் கேள்வி நியாயமானது, வெயிலில் வேலை செய்பவர் கேட்கும் கேள்வி. அதற்கு விடையாக ஒரு மருத்துவமனையையே காட்டுகிறேன்.

ஐசன்ஹைம் என்ற ஊரில், இன்றைய பிரான்சின் கிழக்கு எல்லைப் பகுதியில், அந்தோனியார் சபைத் துறவிகள் ஒரு மடத்தை நடத்திவந்தார்கள். அங்கே வந்து சேர்ந்த நோயாளிகளில் பலர், ‘அந்தோனியார் நெருப்பு’ என்று அக்காலத்தார் அழைத்த கொடிய நோயால் துன்பப்பட்டவர்கள். ரை என்னும் தானியத்தில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை ரொட்டியோடு வயிற்றுக்குள் போவதால் வந்த நோய் அது. உடம்பு தீயாய் எரியும். கைகால் கறுத்து அழுகும். வெட்டி எடுக்கவும் நேரும். அந்த மடத்தின் கோவிலுக்காக மத்தியாஸ் க்ரூனவால்ட் என்ற ஓவியர் 1512 முதல் 1516 வரையிலான காலத்தில் பீடத்துக்குரிய பெரிய ஓவியப் பலகைகளைத் தீட்டினார். அதில் சிலுவையில் தொங்கும் கிறிஸ்துவைப் பார்ப்பவர் முதலில் திடுக்கிடுவார்கள். அழகிய உடம்பு அன்று; பச்சை பாய்ந்த தோல், உடம்பெங்கும் புண், வலியில் முறுக்கிக்கொண்டு விரிந்த விரல்கள். அந்த மடத்தில் கிடந்த நோயாளி தலை தூக்கிப் பார்த்தபோது, தம்மைப் போன்ற உடம்பையே பீடத்தின் மேல் பார்த்தார்.

திருநாள்களில் அந்தப் பலகைகளைத் திறப்பார்கள். உள்ளே உயிர்த்த கிறிஸ்து இருப்பார். பின்னால் பெரிய ஒளிவட்டம். தோலில் ஒரு புண் இல்லை. ஆனால் உயர்த்திய கைகளில் ஆணித் தழும்பு மட்டும் அப்படியே இருக்கும். அந்த ஓவியத்தால் ஒருவருடைய பூஞ்சை நோயும் தீர்ந்திருக்காது. எனினும், ஊரார் ஒதுக்கிய உடம்பைக் கடவுள் ஒதுக்கவில்லை என்று அவர்களுக்குச் சொல்ல, அக்காலத்தில் வேறு எந்த மருந்தாலும் முடிந்திருக்காது. இன்று அந்தப் பலகைகள் கொல்மார் நகர அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; நான் அச்சில்தான் பார்த்திருக்கிறேன், அதுவே பல நாள் மனத்தில் நின்றது.

இனி அப்பாவின் வேலைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஆத்தங்குடியில் ஒரு பட்டறையில் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். தரையில் சதுரக் கண்ணாடி, அதன்மேல் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத் தகட்டு அச்சு. சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கரைத்த சிமெண்ட் கலவையை ஒரு பெரியவர் சிறு கரண்டியால் அள்ளி, அச்சின் ஒவ்வோர் அறையிலும், பக்கத்து அறையில் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினார். பிறகு அச்சை மெல்லத் தூக்கினார். அந்த நிமிடம் பூ தெரிந்தது. ஆனால் தெரிந்தது அதன் முதுகு. முகம் கண்ணாடியைப் பார்த்துக் கவிழ்ந்து கிடந்தது. மேலே உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, அதன்மேல் கலவையை நிரப்பித் தேய்த்ததும் பூவின் முதுகும் மறைந்துபோய், சாம்பல் நிறக் கட்டி ஒன்றுதான் மிச்சம். அப்படியே உலரவைத்து, பிறகு தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, கண்ணாடியை விலக்கும்போதுதான் பூவின் முகம் வெளிப்படுகிறது. கண்ணாடியின் வழவழப்பு முழுவதும் அதற்கு வந்திருக்கிறது. ‘உள்ளே சரியாக விழுந்திருக்குமா என்று பயமாக இராதா?’ என்று கேட்டேன். ‘ஊத்தின கைக்குத் தெரியும், ஆச்சி’ என்றார்.

எபிரேயருக்கு எழுதப்பட்ட திருமுகம் நம்பிக்கையைப் பற்றி, கண்ணுக்குப் புலப்படாதவற்றைப் பற்றிய ஐயமற்ற நிலை என்று சொல்லும் இடம் எனக்கு மனப்பாடம். பட்டறையில் அன்று அதைக் கையால் தொட்டுப் பார்த்ததுபோல் இருந்தது. உங்கள் அப்பா தினமும் செய்வது இதைத்தான், தம்பி. கலை எதற்கு என்று கேட்கிறவர் காலையிலிருந்து மாலைவரை கலையைத்தான் வார்த்துக்கொண்டிருக்கிறார். விடுமுறையில் ஊருக்கு வரும்போது அவரோடு வாதாட வேண்டாம். பட்டறைக்குப் போய், கலர் படிந்த அவருடைய கைகளை வரையுங்கள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை வரையுங்கள்.

கேள்வி: ஏழைகள் பட்டினி கிடக்கும் நாட்டில் கோவிலுக்கு வண்ணக் கண்ணாடியும் சுருபமும் எதற்கு? – ஒரு வாசகர், கல்லல்

பதில்: பசித்தவருக்குச் சோறு கொடுக்காமல் கோபுரம் கட்டுவது பாவம், அதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஏழைக்குச் சோறு மட்டும் போதும், அழகு வேண்டாம் என்று நாம் முடிவு செய்வதும் அவரைச் சிறுமைப்படுத்துவதே. நம் ஊர்களைப் பாருங்கள்: பர்மாத் தேக்குத் தூண்களும் வெளிநாட்டுப் பளிங்கும் நிறைந்த வீடுகள் தெருத் தெருவாக நிற்கின்றன, அவற்றுள் பல பூட்டிக் கிடக்கின்றன. அந்த முகப்பைத் தாண்டி உள்ளே போகக் கூலி வேலை செய்யும் ஒரு பெண்ணால் முடியாது. அதே சிவகங்கை மாவட்டத்தில், வைகைக் கரையில் இருக்கும் இடைக்காட்டூரில், பிரான்சின் ரைம்ஸ் பேராலயத்தை ஒத்த கோதிக் பாணியில் 1894இல் எழுந்த திரு இருதய ஆலயம் இருக்கிறது. களையெடுத்துவிட்டுச் சேற்றுக்காலோடு வருகிற பெண்ணும் அங்கே யாரையும் கேட்காமல் உள்ளே போய், அந்த உயர்ந்த வளைவுகளின் கீழ் உட்காரலாம். அவருக்கும் உரிமையான அழகிய வீடு ஊரில் ஒன்றாவது இருக்கட்டும் ஐயா.

கேள்வி: நான் கம்பன் விழாவைத் தவறவிடாதவன். வைணவக் குடும்பம். துன்பம் வந்தால் எங்கள் வீட்டில் சுந்தரகாண்டம் வாசிப்போம். உங்கள் பதில்களில் விவிலியக் கதைகளே வருகின்றன. என்னைப் போன்றவர்களுக்கு அவற்றில் என்ன இருக்கிறது? – ஓய்வுபெற்ற ஆசிரியர், நாட்டரசன்கோட்டை

பதில்: ஐயா, கம்பர் அடங்கிய இடமென்று போற்றப்படும் ஊரிலிருந்து எழுதும் உங்களுக்குச் சுந்தரகாண்டத்தைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் எனக்கு அதில் மிகப் பிடித்த இடத்தைச் சொல்ல அனுமதியுங்கள். அசோகவனத்தில் சீதை இனிப் பொறுப்பதற்கில்லை என்று முடிவு செய்து, உயிரை விடுவதற்காக மாதவிப் பொதும்பரை நோக்கிப் போகிறாள். அனுமன் பதறுகிறான், தொட்டுத் தடுக்கக் கூசுகிறான். கடலைத் தாண்டிய வலிமை அந்த நொடியில் அவனுக்குப் பயன்படவில்லை. இராமனின் தூதன் யான் என்ற ஒரு சொல்லால்தான் அவன் அவளைத் தடுக்கிறான். சிறை அப்படியேதான் இருக்கிறது, அரக்கியர் அப்படியேதான் இருக்கிறார்கள். தன்னைத் தேடுகிறவர் ஒருவர் இருக்கிறார் என்ற செய்தி வந்துவிட்டது, அவ்வளவுதான். சாகப் போனவள் நின்றுவிடுகிறாள். கிறிஸ்தவர்கள் நற்செய்தி என்று சொல்வதன் பொருளை என் மாணவர்களுக்கு விளக்க, முப்பது ஆண்டுகள் நான் இந்த இடத்தைத்தான் எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் கம்பனில் தோய்ந்தவர் என்பதால் ஒரு பரிந்துரை. 1827இல் நெல்லைச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, கம்பனிடம் கற்ற தமிழை விடாமலேயே 1894இல் இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை வெளியிட்டார். இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு சிறையில் பன்னிரண்டு ஆண்டு அடைபட்டுக் கிடந்த ஜான் பன்யன் எழுதிய கதையே அதன் மூலம். ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் பன்யன் ஒருபக்கம், விருத்தம் பாடும் கிருஷ்ணபிள்ளை ஒருபக்கம். கிறிஸ்தவக் கம்பர் என்று அவரைச் சொல்வது வெறும் உபசாரமா இல்லையா என்பதை வாய்விட்டு வாசித்துப் பார்த்து நீங்களே எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: ஆண்டுதோறும் ஓரியூருக்குப் போகிறோம். தலை வெட்டப்படும்போதும் கலங்காத புனிதரின் கதையைக் கேட்கும்போது துணிவு வருவதில்லை; நாம் எவ்வளவு கோழை என்ற எண்ணந்தான் வருகிறது. – ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அருளானந்தரின் கதையை, ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்ட 1693 பிப்ரவரி 4 அன்று மட்டும் தொடங்குவதால் வரும் இடர் இது. லிஸ்பனில் 1647இல் பிறந்த அந்தச் சிறுவன் நோயாளிப் பிள்ளை. பிழைக்க மாட்டான் என்ற நிலையில் தாய் புனித சவேரியாரிடம் நேர்ந்துகொண்டு காப்பாற்றிய பிள்ளை. மறவர் சீமையில் 1686இலேயே அவரைப் பிடித்து வதைத்து, மரணத்தின் வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். பிறகு சபை வேலையாக அவர் ஐரோப்பாவுக்கு அனுப்பப்பட்டார். சொந்த நாட்டில் அரசரே தங்கிவிடும்படி கேட்டார். தங்கியிருந்தால் யாரும் அவரைக் கோழை என்று சொல்லியிருக்க மாட்டார்கள். வலி எப்படி இருக்கும் என்று உடம்பால் அறிந்த ஒருவர், அறிந்தபின், கப்பலேறி அதே மண்ணுக்குத் திரும்பி வந்தார். எனக்கு வாளின் முன் நின்ற துணிவைவிட அந்தக் கப்பல் படியேறிய துணிவே பெரிதாகத் தெரிகிறது. அது நமக்கும் ஓரளவு எட்டக்கூடியது. மருந்து கசந்த வீட்டுக்கு மறுபடி போய் நோயாளியைப் பார்ப்பது, அவமானப்பட்ட அலுவலகத்துக்கு மறுநாள் போவது, முறிந்த உறவுக்கு இரண்டாம் முறை கடிதம் எழுதுவது எல்லாம் அந்த வகையைச் சேர்ந்தவை. அடுத்த முறை ஓரியூரின் சிவந்த மணலைக் கையில் அள்ளும்போது, நீங்கள் திரும்பிப் போக வேண்டிய இடம் எது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ஏழு வயதுப் பேரன் என்னிடம் வளர்கிறான், மகனும் மருமகளும் துபாயில் இருக்கிறார்கள். இரவில் பயந்து அழுகிறான். பயமில்லாத கதையாகச் சொல்லலாம் என்றால் விவிலியத்தில் அப்படி ஒன்றும் அகப்படவில்லை. – ஒரு பாட்டி, பள்ளத்தூர்

பதில்: அம்மா, பயமில்லாத கதையைத் தேட வேண்டாம். பயம் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. கதையிலும் அது இருந்தால்தான், தன் பயத்துக்குப் பெயர் உண்டு என்று அவனுக்குத் தெரியும். ஆனால் எல்லாக் கதையும் ஏழு வயதுக்கு ஆகாது. சிலுவைப்பாட்டின் ஆணியையும் இரத்தத்தையும் இப்போது விரித்துச் சொல்லாதீர்கள்.

மோசேயின் கதையைச் சொல்லுங்கள். விடுதலைப் பயண நூலின் 2ஆம் அதிகாரம். ஆண் குழந்தைகளை ஆற்றில் எறியச் சொல்கிறான் அரசன். தாய் மூன்று மாதம் மறைத்து வைக்கிறாள், அதற்குமேல் முடியவில்லை. கோரையால் பின்னிய பேழைக்குத் தாரும் கீலும் பூசி, பிள்ளையை அதில் கிடத்தி, நைல் ஆற்றங்கரை நாணலுக்குள் வைத்துவிட்டுப் போகிறாள். அடுத்த வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள், நீங்கள் விட்டுவிடாதீர்கள். குழந்தைக்கு என்ன ஆகிறதென்று பார்க்க, அதன் அக்காள் தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவளும் சிறுமிதான். அரசனின் மகள் பேழையைத் திறந்து அழும் பிள்ளையைக் கண்டதும், அந்தச் சிறுமி துணிந்து முன்னே வந்து, ‘பாலூட்ட ஒரு பெண்ணை அழைத்து வரட்டுமா?’ என்று கேட்டுவிட்டு, பிள்ளையின் சொந்தத் தாயையே அழைத்து வருகிறாள். அம்மா தூரத்தில் இருக்கும் ஒரு பிள்ளைக்கு இதைவிட நெருக்கமான கதை எனக்குத் தெரியவில்லை.

உங்கள் வீட்டில் பனையோலைக் கொட்டான் ஒன்று கட்டாயம் இருக்கும். இரண்டாங்கட்டில் தண்ணீர்த் தொட்டி இருந்தால், பகலில் பேரனோடு சேர்ந்து அந்தக் கொட்டானை மிதக்கவிட்டுப் பாருங்கள். சிறிது நேரம் மிதக்கும். பிறகு ஓலை இடுக்கில் தண்ணீர் கசியும். கசியும்போது அவன் பதறி, ‘மோசே நனைஞ்சிருவானா, அப்பத்தா?’ என்று கேட்பான். அப்போது தாரைப் பற்றிச் சொல்லுங்கள். இரவெல்லாம் உட்கார்ந்து ஓர் இடுக்கையும் விடாமல் பூசிய அந்தத் தாயின் விரல்களைப் பற்றிச் சொல்லுங்கள். அக்காள் எங்கே நின்றாள் என்று அவனையே அந்தத் தொட்டியின் ஓரத்தில் ஓர் இடம் பார்த்து நிற்கச் சொல்லுங்கள்.